சீட்டுக் கணக்கு கோடில் $அமட், $அமட்1, $அமட்2: வேரியபிளுக்கு எப்படிப் பெயர் வைப்பது?

கரூர்_கோடர் கேட்டது:

வணக்கம். ஒரு சீட்டு கம்பெனியின் பழைய பிஎச்பி சாஃப்ட்வேர் எங்கள் கைக்கு வந்திருக்கிறது. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார், கேட்க ஆள் இல்லை. 5.6-ல் ஓடிக்கொண்டிருப்பதை முதலில் 8.2-க்கு ஏற்ற வேண்டும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக லாராவெல் என்ற பிஎச்பி ஃப்ரேம்வொர்க்குக்குக் கொண்டுபோக வேண்டும். டீமில் மூன்று பேர் இருக்கிறோம்.

பெரிய தலைவலி வேரியபிள் பெயர்கள். ஏலக் கணக்குப் போடும் ஃபங்ஷனிலிருந்து நான்கு வரி கீழே இருக்கிறது. கோடில் எல்லாம் ஆங்கில எழுத்துதான், இங்கே தமிழில் தட்டியிருக்கிறேன்.

$அமட் = $மெம் * $இன்ஸ்;
$அமட்1 = $அமட் - $டிஸ்;
$அமட்2 = ($டிஸ் - $கம்) / $மெம்;
$பேல் = $இன்ஸ் - $அமட்2;

இதே ஃபைலில் இருநூறு வரி தள்ளி $அமட்1 வேறு எதற்கோ பயன்படுகிறது. $டிஸ் ஒரு இடத்தில் ரூபாய், இன்னொரு இடத்தில் சதவீதம்.

புது கோடுக்கு ஒரு பக்கத்தில் பெயரிடும் விதி எழுதித் தரச் சொல்லியிருக்கிறார் எங்கள் லீட். கேமல் கேஸா (அடுத்த சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்குவது), ஸ்நேக் கேஸா (சொற்களுக்கு நடுவில் அடிக்கோடு போடுவது) என்பதிலேயே எங்களுக்குள் ஒத்துவரவில்லை. அப்புறம், ஆபீஸில் எல்லோரும் "தள்ளு", "தவணை" என்றுதான் பேசுகிறார்கள். அந்தச் சொற்களையே ஆங்கில எழுத்தில் வேரியபிளாக வைக்கலாமா? பெயர் எவ்வளவு நீளம் வரை போகலாம்? இந்த மாதிரி பழைய கோடோடு மல்லுக்கட்டியவர்கள் சொல்லுங்கள்.

இணைப்பான்:

கேமல், ஸ்நேக் சண்டையை இன்றைக்கே முடித்துவிடுங்கள், அதில் செலவழிக்க ஒன்றும் இல்லை. பிஎச்பிக்கான பொதுக் கோடிங் விதித் தொகுப்பான பிஎஸ்ஆர்-1, கிளாஸ் பெயருக்கும் மெத்தட் பெயருக்கும் கான்ஸ்டண்டுக்கும் விதி சொல்கிறது. ப்ராப்பர்ட்டி பெயருக்கு வேண்டுமென்றே எதுவும் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். எதை எடுத்தாலும் ஒரு எல்லைக்குள் ஒரே மாதிரி இருக்கட்டும் என்பதோடு சரி. வேர்ட்பிரஸ் என்றால் சின்ன எழுத்தும் அடிக்கோடும், சிம்ஃபொனி என்றால் கேமல். லாராவெலுக்குப் போகிறீர்கள் என்பதால் வேரியபிளுக்கு கேமல் எடுங்கள். டேட்டாபேஸ் காலம் (நெடுவரிசை) பெயர் ஸ்நேக்கில் இருக்கும், லாராவெலின் டேட்டாபேஸ் பகுதியான எலக்வெண்ட் வழியாக வரும்போதும் அப்படியே வரும். அந்தக் கலப்பு நல்லதுதான். அடிக்கோடு இருந்தால் டேபிளிலிருந்து வந்தது, இல்லையென்றால் நாம் கணக்குப் போட்டது என்று பார்த்ததுமே தெரியும்.

பிரைவேட் ப்ராப்பர்ட்டிக்கு முன்னால் அடிக்கோடு போடும் பழைய வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பிஎஸ்ஆர்-12 அதை வெளிப்படையாகவே தடுக்கிறது. மீறலைப் பிடிக்க பிஎச்பி கோட்ஸ்னிஃபர் என்ற டூல் போதும். வேரியபிள் பெயருக்கான விதி பிஎஸ்ஆர்-12 தொகுப்பில் வராது, தனியாகச் சேர்க்க வேண்டும்.

லெட்ஜர்_அக்கா:

தம்பி, இணைப்பான் சொன்னதோடு ஸ்டைல் விஷயம் முடிந்தது. உங்கள் உண்மையான பிரச்சினை அந்த நான்கு வரிக்குள் இருக்கிறது. நான் கோடிங்குக்கு வருவதற்கு முன்னால் ஒரு சீட்டு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்தவள். அதனால் இந்தக் கணக்கை எண்ணோடு போட்டே பேசுகிறேன்.

25 பேர், மாதம் 20,000 ரூபாய், 25 மாதம். சீட்டுத் தொகை 5,00,000. இந்த மாத ஏலத்தில் ஒருவர் 1,00,000 தள்ளி எடுக்கிறார், அவர் கைக்கு 4,00,000 போகும். தள்ளிய ஒரு லட்சத்திலிருந்து ஃபோர்மேன் (சீட்டு நடத்துபவர்) கமிஷன், சீட்டுத் தொகையில் 5 சதவீதம், அதாவது 25,000 கழிகிறது. மீதி 75,000-ஐ 25 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 3,000. எனவே இந்தத் தவணைக்கு ஒவ்வொருவரும் கட்ட வேண்டியது 17,000. வசூல் 4,25,000, அதில் 4,00,000 எடுத்தவருக்கு, 25,000 கம்பெனிக்கு. கணக்கு சரியாக நிற்கிறது.

இப்போது உங்கள் கோடைப் பாருங்கள். $அமட் 5,00,000. $அமட்1 4,00,000. $அமட்2 3,000. மூன்றும் பணம், மூன்றும் எண், மூன்றுக்கும் ஒரே பெயர், கடைசியில் ஒரு இலக்கம்தான் வித்தியாசம். ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு விழுந்தால் நான்கு லட்சம் போக வேண்டியவருக்கு மூவாயிரத்துக்கு வவுச்சர் அடிக்கும். பிஎச்பி வாயைத் திறக்காது, ஏனென்றால் அதன் கண்ணில் இரண்டும் எண்தான். டைப் ஹின்ட் போட்டாலும் காப்பாற்றாது, இரண்டும் இன்டிஜர். அந்த இடத்தில் உங்களிடம் இருக்கும் ஒரே காவல் பெயர்தான். நான் பிடிவாதமாகக் கடைப்பிடிக்கும் விதி இது: ஒன்றின் இடத்தில் இன்னொன்று வரவே கூடாத இரண்டு தொகைகளுக்கு, தட்டும்போது மாறிப்போகக்கூடிய பெயர்கள் இருக்கக் கூடாது. இலக்கம் ஒட்டிய பெயரை நான் ரிவ்யூவில் திருப்பி அனுப்பிவிடுவேன்.

சரி, என்ன பெயர் வைப்பது? அந்தத் தொகையைக் கையாளும் ஆளிடம் போய்க் கேளுங்கள், லெட்ஜரில் அந்த நெடுவரிசையின் தலைப்பு என்னவென்று பாருங்கள். உங்கள் விஷயத்தில் இன்னும் வசதி, சட்டமே பெயர் கொடுத்திருக்கிறது. 1982-ஆம் வருடச் சிட் ஃபண்ட்ஸ் சட்டத்தில் சிட் அமவுண்ட், டிவிடெண்ட், பிரைஸ் அமவுண்ட் என்று இருந்ததை 2019 திருத்தத்தில் கிராஸ் சிட் அமவுண்ட், ஷேர் ஆஃப் டிஸ்கவுண்ட், நெட் சிட் அமவுண்ட் என்று மாற்றினார்கள். ஒவ்வொரு பெயரும் இது எதிலிருந்து வந்த தொகை என்பதைத் தானே சொல்கிறது. அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள் (தமிழில் பெரிய எழுத்து இல்லாததால் அடிக்கோடு போட்டுக் காட்டுகிறேன், நீங்கள் கேமலில் எழுதிக்கொள்ளுங்கள்):

$கிராஸ்_சிட்_அமவுண்ட் = $மெம்பர்_கவுண்ட் * $ஃபுல்_இன்ஸ்டால்மெண்ட்;
$நெட்_சிட்_அமவுண்ட் = $கிராஸ்_சிட்_அமவுண்ட் - $பிட்_டிஸ்கவுண்ட்;
$ஷேர்_ஆஃப்_டிஸ்கவுண்ட் = ($பிட்_டிஸ்கவுண்ட் - $ஃபோர்மேன்_கமிஷன்) / $மெம்பர்_கவுண்ட்;
$இன்ஸ்டால்மெண்ட்_பேயபிள் = $ஃபுல்_இன்ஸ்டால்மெண்ட் - $ஷேர்_ஆஃப்_டிஸ்கவுண்ட்;

இதை உங்கள் கேஷியரிடம் வாசித்துக் காட்டினால் தப்பு இருந்தால் அவரே சொல்லிவிடுவார். மூன்றாவது வரியைப் படித்ததும் "எல்லா மெம்பருக்குமா பிரிக்கிறோம்? ஏற்கனவே எடுத்தவர்களுக்கு எங்கள் சீட்டில் பங்கு இல்லையே" என்று அவர் கேட்டால், அது $மெம்பர்_கவுண்ட் அல்ல, $எலிஜிபிள்_மெம்பர்_கவுண்ட். $மெம் என்று இருந்தவரை அந்தக் கேள்விக்கே இடம் கிடையாது.

நான்காவது வரியின் $பேல் எனக்குப் பிடிக்காத பெயர். பேலன்ஸ் என்றால் அக்கவுண்ட்ஸில் பாக்கி. இங்கே அது பாக்கி இல்லை, இந்த மாதம் கட்ட வேண்டியது. கட்டாதவரின் உண்மையான பாக்கியைக் காட்டும் இன்னொரு ஸ்கிரீன் நிச்சயம் இருக்கும், அங்கேயும் $பேல் தான் இருக்கும். தேடிப் பாருங்கள்.

அடுத்து அலகு. $டிஸ் ஒரு இடத்தில் ரூபாய், ஒரு இடத்தில் சதவீதம் என்றீர்கள். பழைய கோடில் இதைவிட ஆபத்தானது எனக்குத் தெரிந்து இல்லை. சதவீதத்திலேயே இரண்டு இருக்கிறது, 5 என்பதும் 0.05 என்பதும். நான் முதலாவதை பர்சென்ட் என்றும் இரண்டாவதை ரேட் என்றும் முடிப்பேன்: $கமிஷன்_பர்சென்ட், $கமிஷன்_ரேட். இன்னொன்று, 5 சதவீதத்தை எங்கேயாவது நேரடியாக எழுதியிருந்தால் அதையும் வெளியே எடுங்கள். அதே 2019 திருத்தத்தில் ஃபோர்மேன் கமிஷனின் உச்சவரம்பு 5-லிருந்து 7 சதவீதமானது. பழைய குரூப் ஒரு விகிதத்திலும் புது குரூப் ஒரு விகிதத்திலும் ஓடலாம், எனவே அது கான்ஸ்டண்ட் அல்ல, அந்தந்தச் சீட்டின் சொத்து.

ஆன்லைனில் தவணை வாங்குகிறீர்களா? ரேசர்பே என்ற பேமென்ட் கேட்வேயில் தொகையைப் பைசாவில்தான் அனுப்ப வேண்டும். 17,000 ரூபாய்க்கு 17,00,000 என்று போகும். கேட்வே பக்கத்து வேரியபிள் எல்லாவற்றுக்கும் பைசா என்ற வாலைக் கட்டாயமாக்குங்கள். $அமவுண்ட்_பைசா = $இன்ஸ்டால்மெண்ட்_பேயபிள் என்ற வரியைப் பார்த்தால் வலப்பக்கம் 100-ஆல் பெருக்கவில்லையே என்று கண் தானாக நிற்கும். நேரத்துக்கும் இதே கதைதான். ஸ்லீப் வினாடி எடுக்கும், யூஸ்லீப் மைக்ரோ வினாடி எடுக்கும். பிஎச்பியின் டைம் வினாடியில் வரும், பிரவுசரிலிருந்து ஜாவாஸ்கிரிப்ட் தரும் நேரம் மில்லி வினாடியில் வரும். $டைம்அவுட் என்று மட்டும் வைத்தால் அடுத்தவர் எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்வார்.

வேரியபிள் பெயரிலேயே டைப்பைச் சொருகும் பழக்கம் சிலரிடம் இருக்கும், ஸ்ட்ரிங்குக்கு ஒரு முன்னொட்டு, இன்டிஜருக்கு ஒன்று என்று. ஹங்கேரியன் நொட்டேஷன் என்பார்கள். சார்லஸ் சிமோனி அதைக் கொண்டுவந்தபோது முன்னொட்டு சொன்னது, இது எந்த வகை அளவு என்பதை. வரிசை எண்ணா, நெடுவரிசை எண்ணா, இரண்டையும் கூட்டிவிடாதே என்பதற்காக. பின்னால் வந்தவர்கள் அதை வெறும் டேட்டா டைப்பாகச் சுருக்கிவிட்டார்கள். பிஎச்பி 7.4 முதல் ப்ராப்பர்ட்டிக்கே டைப் எழுதலாம், எனவே டைப்பை அங்கே விடுங்கள். நான் மேலே சொன்ன பைசா, பர்சென்ட் எல்லாம் அந்த முதல் வகை. அதை விடாதீர்கள்.

ஆம் / இல்லை வேரியபிளுக்கு எதிர்மறைப் பெயர் வேண்டாம். உங்கள் கோடில் $நான்_பிரைஸ்டு இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன், சட்டத்தில் எடுக்காத சந்தாதாரரை அப்படித்தான் சொல்கிறார்கள். அதன் முன்னால் ஒரு ஆச்சரியக்குறி விழுந்ததும் "எடுக்காதவராக இல்லாவிட்டால்" என்று படித்துத் தலை சுற்றும். $இஸ்_பிரைஸ்டு போதும்.

நீளம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பிஎச்பிஎம்டி என்ற டூல் இயல்பாக 3 எழுத்துக்குக் குறைந்தாலும் 20-ஐத் தாண்டினாலும் குறை சொல்லும். அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டாம். எனக்கு நீளம் என்பது அந்த வேரியபிள் எத்தனை வரி உயிரோடு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மூன்று வரி லூப்பில் $ஐ தாராளமாக இருக்கட்டும். இருநூறு வரி தாண்டிப் போகிற வேரியபிளுக்கு முழுப் பெயர் வேண்டும். (இருநூறு வரி ஃபங்ஷனை உடைத்தால் பாதிப் பெயர்ப் பிரச்சினை போய்விடும் என்பது வேறு.)

தள்ளு, தவணை: ஆங்கில எழுத்தில் எழுதுவதை நான் ஏற்க மாட்டேன். தவணையை ஒருவர் டி-எச் போட்டு ஆரம்பிப்பார், இன்னொருவர் வெறும் டி. தள்ளுவில் எல் ஒன்றா இரண்டா? மூன்று பேர் டீமில் மூன்று ஸ்பெல்லிங் வரும். வேரியபிளை அறிவித்தே ஆக வேண்டிய மொழியில் அது வெறும் எரிச்சலாக முடிந்துவிடும். பிஎச்பியில் வேரியபிளை அறிவிக்கத் தேவையில்லை, எழுத்து மாறினால் சத்தமில்லாமல் புது வேரியபிள் பிறந்துவிடும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலும் அப்படியே. ஃபங்ஷன் பெயரில் அந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாத பிஎச்பி, வேரியபிளில் கண்டுகொள்ளும்.

நாஞ்சில்_நிரல்:

அக்கா, ஸ்பெல்லிங்தான் பிரச்சினை என்றால் தமிழ் எழுத்திலேயே வைத்துவிடலாமே? பிஎச்பி அனுமதிக்கிறது. நான் ஒரு சின்ன புராஜெக்டில் $தொகை, $தவணை என்று எழுதி ஓட்டிப் பார்த்திருக்கிறேன், நன்றாகவே ஓடியது. நம் ஆபீஸ் பேச்சும் கோடும் ஒன்றாக இருக்கும். ஆங்கிலத்தில் பெயர் வைக்கத் தெரியாமல்தான் பாதிப் பேர் $டேட்டா, $டெம்ப் என்று வைத்துவிட்டுப் போகிறார்கள்.

லெட்ஜர்_அக்கா:

கடைசியில் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. பெயர் தோன்றாதபோது முதலில் தமிழில் யோசித்து, ஒரு கமெண்டாகத் தமிழிலேயே எழுதிவிட்டு, அப்புறம் வேரியபிளுக்கு வாருங்கள் என்று நான் புதிதாக வருபவர்களுக்குச் சொல்வதுண்டு.

தமிழ் எழுத்து வேரியபிளும் ஓடும். ஆனால் நீங்கள் காட்டிய $தொகையிலேயே ஒரு பொறி இருக்கிறது. "தொ"-வில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் பதியலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். பிஎச்பி பெயரை பைட் பைட்டாகத்தான் ஒப்பிடுகிறது, யூனிகோட் சமப்படுத்தல் எதுவும் செய்யாது. ஒருவர் கீபோர்டில் தட்டியதும் இன்னொருவர் பிடிஎஃப்பிலிருந்து ஒட்டியதும் இரண்டு தனி வேரியபிள் ஆகிவிடலாம். எரர் வரும்போது "$தொகை அறிவிக்கப்படவில்லை" என்று காட்டும், மேலே பார்த்தால் $தொகை இருக்கும். தனியாக எழுதும் புராஜெக்டில் வைத்துக்கொள்ளுங்கள், சந்தோஷம். மற்றவர் பணத்தைக் கணக்குப் பார்க்கும் கோடில் நான் வைக்க மாட்டேன்.

அதற்குப் பதிலாக ஒரு சொல் அட்டவணை வைத்துக்கொள்ளலாம். ரெப்போவில் ஒரு ஃபைல், இடப்பக்கம் ஆபீஸ் சொல், வலப்பக்கம் கோட் சொல். தள்ளு என்றால் பிட் டிஸ்கவுண்ட், கழிவு என்றால் ஷேர் ஆஃப் டிஸ்கவுண்ட். உங்கள் ஊரில் அதை லாபம் என்பார்களோ என்னவோ, அதையும் எழுதுங்கள். ஒரு பொருளுக்கு ஒரே கோட் சொல். கரூர் தம்பி, உங்கள் லீட் கேட்ட அந்த ஒரு பக்கத்தில் முக்கால் பங்கு இந்த அட்டவணையாக இருக்கட்டும்.

கரூர்_கோடர்:

அக்கா, $பேல் தேடினேன். நீங்கள் சொன்ன மாதிரியே பாக்கி ஸ்கிரீனிலும் அதே பெயர். $நான்_பிரைஸ்டும் இருக்கிறது. இனி மாற்ற ஆரம்பிக்க வேண்டும், எங்கிருந்து தொடங்குவது? எடிட்டரில் மொத்தமாக ரிப்ளேஸ் கொடுக்கப் பயமாக இருக்கிறது. டேட்டாபேஸ் காலம் பெயரும் டிஸ், அமட் என்றேதான் இருக்கிறது.

லெட்ஜர்_அக்கா:

மொத்த ரிப்ளேஸ் வேண்டவே வேண்டாம். முதலில் கோடை ஓட்டாமலே தப்பைக் கண்டுபிடிக்கும் பிஎச்பிஸ்டானை நிறுவி லெவல் 1-ல் ஓட்டுங்கள். எங்குமே மதிப்பு வைக்காத வேரியபிளை லெவல் 0 பிடிக்கும், சில வழிகளில் மட்டும் மதிப்பு வராமல் போகக்கூடியதை லெவல் 1 பிடிக்கும். 8.0-லிருந்து இல்லாத வேரியபிளைத் தொட்டால் நோட்டீஸுக்குப் பதில் வார்னிங் வருகிறது, எனவே 8.2-க்கு ஏற்றும்போது இவை எல்லாம் எப்படியும் மேலே வரும்.

அப்புறம் ஃபைல் முழுக்க எக்ஸ்ட்ராக்ட், காம்பாக்ட், இரட்டை டாலர் இந்த மூன்றையும் (வேரியபிள் பெயரை ஸ்ட்ரிங்காகக் கையாளும் வழிகள்) தேடிக் குறித்து வையுங்கள். காம்பாக்டுக்குள் வேரியபிள் பெயர் ஸ்ட்ரிங்காக இருக்கும், வேரியபிளைக் கையால் மாற்றிவிட்டு அதை மறந்தால் டெம்ப்ளேட்டுக்கு மதிப்பு போகாது. எக்ஸ்ட்ராக்ட் இன்னும் மோசம், ஃபார்மில் வந்த போஸ்ட் அரேயை அப்படியே அதற்குள் போட்டிருந்தால் பெயர் விஷயம் கிடக்கட்டும், முதலில் அதை எடுத்துவிடுங்கள். வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் உங்கள் $கம்-க்கு மதிப்பு வைக்கலாம்.

மாற்றுவது ஒரு நேரத்தில் ஒரு ஃபங்ஷன். மேலே நான் போட்ட 25 பேர், 20,000 உதாரணத்தையே ஒரு டெஸ்டாக எழுதி, நான்கு விடையும் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு தொடுங்கள். எடிட்டரின் ரீநேம் வசதியைப் பயன்படுத்துங்கள், அது அந்த ஃபங்ஷனின் எல்லைக்குள் மட்டும் மாற்றும். ஒரு கமிட்டில் பெயர் மாற்றம் மட்டும் இருக்கட்டும், லாஜிக் மாற்றத்தைக் கலக்காதீர்கள். பாராமீட்டர் பெயரில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். 8.0-ல் நேம்டு ஆர்கியூமென்ட் வந்துவிட்டதால், யாராவது பெயர் சொல்லி அழைத்திருந்தால் பாராமீட்டர் பெயரை மாற்றியதும் அந்த இடம் உடையும். பழைய கோடில் அப்படி அழைத்திருக்க வழியில்லை, எனவே புது கோட் எழுதுவதற்கு முன்னாலேயே பாராமீட்டர்களை முடித்துவிடுங்கள்.

ஃபோர்ஈச்சில் ரெஃபரன்ஸ் போட்ட இடங்களையும் பாருங்கள். &$ரோ என்று ஒரு லூப் முடிந்து, அன்செட் செய்யாமல், கீழே அதே அரேயில் மறுபடி $ரோ என்று சாதாரண லூப் ஓடினால் கடைசி மெம்பரின் வரி காணாமல் போய், அதற்கு முந்தையவர் இரண்டு முறை வருவார். அரேக்குப் பன்மை, உள்ளே ஒருமை என்று $மெம்பர்ஸ், $மெம்பர் ஆக மாற்றும்போதே லூப்புக்குக் கீழே அன்செட்டையும் போட்டுவிடுங்கள்.

டேட்டாபேஸ் காலத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ரிப்போர்ட், எக்செல் எக்ஸ்போர்ட், குறித்த நேரத்தில் தானாக ஓடும்படி யாரோ எழுதி வைத்த க்ரான் ஜாப் எல்லாம் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதுவரை எஸ்க்யூஎல் செலக்டிலேயே "ஏஸ்" போட்டு, டிஸ் என்பதை பிட்_டிஸ்கவுண்ட் என்று வெளியே எடுங்கள். பழைய பெயர் அந்த ஒரு வரியைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. ரூபாயும் சதவீதமும் கலந்த அந்த $டிஸ்-ஐ மட்டும் இன்றைக்கே பாருங்கள். எந்த ஸ்கிரீன் எதைச் சேமிக்கிறது என்று தெரியாமல் 8.2-ஐ லைவில் ஏற்றாதீர்கள். சந்தேகம் வந்தால் அந்த ஃபங்ஷனை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.